தீக்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி? சிட்னியில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு செய்முறை

நியூ சவுத் வேல்ஸில் சட்டப்படி காட்டுத்தீ அபாயக் காலம் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31 வரை நீள்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் சில வட்டாரங்களுக்கு அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இந்த மாதங்களில் தீயோடு மல்லுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் அதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற ஆர்.எஃப்.எஸ்.ஸில் 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், சுமார் 2,000 பிரிகேட்களில், அதாவது உள்ளூர்த் தீயணைப்புக் குழுக்களில், இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன், டீச்சர், நர்ஸ், விவசாயி என்று எல்லாருக்கும் வேறு பிழைப்பு உண்டு. அழைப்பு வந்ததும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள்.

'பிளாக் சம்மர்' என்று இங்கே சொல்லப்படும் 2019-20 கோடையில் இந்த மாநிலத்தில் மட்டும் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 2,400-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 2019 டிசம்பர் 19 இரவு, பக்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே தீயணைப்பு வண்டியின் பாதையில் மரம் விழுந்து வண்டி கவிழ்ந்ததில் இரண்டு தன்னார்வலர்கள் இறந்தார்கள். இருவருமே இளம் தகப்பன்கள், ஹோர்ஸ்லி பார்க் பிரிகேட்டைச் சேர்ந்தவர்கள். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஹோர்ஸ்லி பார்க் பக்கத்து ஊர்தான்.

இந்தத் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. கேக், வாழ்த்து அட்டை, ஃபேஸ்புக் பதிவு எல்லாம் சரிதான். ஆனால் பெரிய தீ நாளில் வீட்டுக்கு ஒரு வண்டி அனுப்ப முடியாது என்பதை ஆர்.எஃப்.எஸ். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. குப்பை கூளம் சேர்ந்த வீட்டையும், கடைசி நிமிஷம் வரை கிளம்பாத குடும்பத்தையும் காப்பாற்றத்தான் அவர்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைப்பதுதான் என் கணக்கில் முதல் நன்றி. அதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

படி 1: உங்கள் முகவரியைச் சோதியுங்கள்

ஆர்.எஃப்.எஸ். இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் வீடு காட்டுத்தீ அபாய நிலத்தில் இருக்கிறதா என்று காட்டும். புளூ மவுண்டன்ஸ், ஹார்ன்ஸ்பி என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில் மாதிரி புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்கள் 'இங்கே காடே இல்லையே' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பக்கத்தில் காலி மனையும் காய்ந்த புல்வெளியும் இருந்தாலே போதும். புல் தீ காட்டுத்தீயைவிட வேகமாக ஓடும். சரிவில் வீடு இருந்தால் இன்னும் கவனம் தேவை: மேட்டை நோக்கி ஏறும் தீ, ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் எடுக்கிறது.

வீடு பாதுகாப்பான இடத்தில் இருந்தாலும் நீங்கள் போகும் இடங்கள் அப்படி இல்லாமல் இருக்கலாம். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலைச் சுற்றி இருப்பது யூகலிப்டஸ் காடுதானே. கோடையில் அந்தப் பக்கம் போகிற அன்று காலை தீ நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: வீட்டைச் சுற்றி ஒரு நடை

தீ என்றால் சுவர் போல ஒரு ஜுவாலை வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வீடுகள் எரிவது காற்றில் பறந்து வரும் தணலால். எரியும் பட்டையும் இலையும் தீ முகப்புக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்து விழும். ஒரு சின்னக் கங்கு, அது உட்கார ஒரு மூலை, அந்த மூலையில் கொஞ்சம் காய்ந்த சருகு. தீ முகப்பு கடந்து போய் மணிக்கணக்கான பிறகுகூட வீடு பற்றிக்கொள்வது இப்படித்தான்.

அதனால் வீட்டைச் சுற்றி நடக்கும்போது உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தணல் எங்கே போய் உட்காரும்?

கட்டரிலிருந்து தொடங்குங்கள், அதாவது கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலி. அதில் சேர்ந்த யூகலிப்டஸ் இலைகளை அள்ளிப் போடுங்கள். தீக்காலம் முழுக்க இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்த மரங்கள் கோடையிலும் இலை உதிர்க்கும். ஏணி ஏறப் பயமாக இருந்தால் காசு கொடுத்து ஆள் வையுங்கள். விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை. உடைந்த, நகர்ந்த ஓடுகளை மாற்றுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள காற்றுத் துளைகள், வீட்டுக்கு அடியில் உள்ள திறப்புகள், ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை போடுங்கள். பிளாஸ்டிக் கொசுவலை வெப்பத்தில் உருகிவிடும்.

அப்புறம் கீழே. வாசலில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடி, வராண்டாவின் பிரம்பு நாற்காலி, சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் தணலுக்கு நல்ல இடம். தீ அபாய நாளில் இவற்றை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். விறகையும் பெயின்ட் டப்பாக்களையும் நிரந்தரமாகவே வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டி வைப்பது, தரையிலிருந்து 2 மீட்டர் வரை மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழிப்பது, சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியில் மரச்சிராய்க்குப் பதில் கூழாங்கல் போடுவது, இவையெல்லாம் ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. வெளியே எரிவாயு சிலிண்டர் இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வு வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

மரத்தையே வெட்ட வேண்டும் என்றால் '10/50' விதி உண்டு. அனுமதிக்கப்பட்ட பகுதியில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும், 50 மீட்டருக்குள் மரம் அல்லாத புதர்களையும் தனி அனுமதி இல்லாமல் அகற்றலாம். உங்கள் மனை அந்தப் பகுதியில் வருகிறதா என்று ஆர்.எஃப்.எஸ். தளத்தில் பார்க்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். அபராதம் கனமாக இருக்கும்.

வீட்டைச் சுற்றிவரும் நீளத்துக்குத் தோட்டக் குழாய் இருக்கட்டும். நீச்சல் குளமோ பெரிய தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் உள்ளூர் பிரிகேட்டிடம் சொல்லுங்கள். வாசலில் மாட்ட 'எஸ்.டபிள்யூ.எஸ்.' என்று எழுதிய பலகை தருவார்கள். புகைக்குள் வரும் வண்டிக்கு இங்கே தண்ணீர் இருக்கிறது என்று அது சொல்லும். வீட்டு எண்ணும் தெருவிலிருந்து தெரிய வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். முன்பின் தெரியாத ஊரிலிருந்து உதவிக்கு வந்த ஒரு குழு, நடுராத்திரி உங்கள் எண்ணைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

முதியவர்களோ மாற்றுத்திறனாளிகளோ இருக்கும் வீடு என்றால், இந்த வேலைகளில் பலவற்றை இலவசமாகச் செய்து தரும் 'எய்டர்' என்ற திட்டம் ஆர்.எஃப்.எஸ்.ஸிடம் இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 3: எப்போது கிளம்புவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது திட்டமே இல்லை. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். கிளம்புவதா இருப்பதா என்று கடைசி நேரம் வரை காத்திருந்தவர்கள் அதில் பலர்.

2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே அபாய அளவுகோல்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கட்டஸ்ட்ராஃபிக். இது தீ எங்கே எரிகிறது என்று சொல்வதில்லை; பற்றினால் எவ்வளவு மோசமாகும் என்று சொல்கிறது. கட்டஸ்ட்ராஃபிக் என்றால் முந்தின இரவோ அன்று அதிகாலையிலோ கிளம்பிவிட வேண்டும். அந்த அளவுத் தீயைத் தாங்கும்படி வீடுகள் கட்டப்படுவதில்லை. தீ ஏற்கெனவே எரிகிறது என்றால் வருவது வேறு மூன்று எச்சரிக்கைகள்: அட்வைஸ், வாட்ச் அண்ட் ஆக்ட், எமர்ஜென்சி வார்னிங். மூன்றாவது வரும்வரை காத்திருந்தால் சாலை மூடியிருக்கலாம். படிப்படியாக ஒவ்வொன்றாகத்தான் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியைப் போனில் இறக்கி, வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் அதில் குறித்து வையுங்கள்.

ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அறிகுறி வந்தால் கிளம்புவோம், எந்த வழி, அது அடைபட்டால் எந்த வழி, யார் வீட்டுக்கு, நாய் பூனையை யார் தூக்குவது. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பேரப்பிள்ளைகளும் வீட்டில். பெரியவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். நமது திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகல் நேரம்தான். அபாயம் எக்ஸ்ட்ரீம் என்று அறிவித்த நாளில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா? இல்லையென்றால் காலையிலேயே பெரியவர்களையும் பிள்ளைகளையும் உள் புறநகரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மாவை அறிமுகம் செய்து வையுங்கள்.

000-க்கு அழைக்கவும் சொல்லிக்கொடுங்கள். 'ஃபயர்' என்று சொன்னால் போதும். இணைப்பு கிடைத்ததும் 'தமிழ்' என்று சொல்லி லைனிலேயே இருந்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். அவசரம் இல்லாத கேள்விகளுக்கு ஆர்.எஃப்.எஸ். தகவல் எண் 1800 679 737. தமிழில் பேச 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து ஆர்.எஃப்.எஸ். எண்ணுக்கு இணைக்கச் சொல்லலாம்.

படி 4: பை

பாஸ்போர்ட், விசா தாள்கள், இன்சூரன்ஸ், மருந்துச் சீட்டோடு மருந்து, நகை, தண்ணீர், சார்ஜர், பேட்டரியில் ஓடும் ரேடியோ. ஆளுக்கு ஒரு கம்பளிப் போர்வை. செயற்கை இழையில் ஆனது கூடாது, உருகி உடம்பில் ஒட்டும். உடைக்கும் அதே விதிதான்: முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ. பாட்டியின் பாலியஸ்டர் சேலைக்கு அன்று ஓய்வு கொடுங்கள்.

இன்சூரன்ஸை இப்போதே பாருங்கள். தீ பக்கத்தில் வந்தபின் எடுக்கும் பாலிசியில் முதல் சில நாட்களுக்குக் காட்டுத்தீக்கு ஈடு கிடையாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

படி 5: பொங்கலும் தீத் தடையும்

நமது பண்டிகைகள் தீக்காலத்தில்தான் வந்து விழுகின்றன. தீபாவளி தொடக்கத்தில், கார்த்திகை தீபம் அதற்குப் பின், பொங்கல் சரியாக உச்சத்தில். 'டோட்டல் ஃபயர் பேன்' என்ற முழுத் தீத் தடை அறிவித்த நாளில் வெளியில் விறகடுப்பு கூடாது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும். முதல் நாள் மாலையே அறிவிப்பைப் பார்த்துவிட்டு, தடை என்றால் சமையலறை அடுப்பில் பொங்க வையுங்கள். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் அன்று ஏற்கெனவே 40 டிகிரியில் இருப்பார். தோட்டத்தில் வரிசையாக அகல் வைப்பதையும் அன்று தவிர்த்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் பட்டாசு வெடிப்பது இங்கே எந்த நாளிலும் குற்றம்.

படி 6: அந்த நாள்

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மோசமான தீ நாள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும். வடமேற்கிலிருந்து சூடான காற்று, அப்புறம் தெற்கிலிருந்து திடீர் மாற்றம். வெப்பம் தணிகிறதே என்று மனசு லேசாகும் அந்த நேரம்தான் அபாயம்: நீளமாக ஓடிக்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் புது முகப்பாகத் திரும்பும். 1998 டிசம்பரில் விக்டோரியாவின் லின்டனில் ஒரே வண்டியில் இருந்த ஐந்து தன்னார்வலர்கள் இப்படி ஒரு காற்று மாற்றத்தில்தான் இறந்தார்கள். மே 4-ஐ உலகத் தீயணைப்பாளர் நாளாகக் கொண்டாடும் வழக்கம் அதன் பிறகு வந்தது. ஆகவே, காற்று திரும்பியது என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

காரில் சிக்கிக்கொண்டால் புதர் இல்லாத இடத்தில், தீ வரும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். கண்ணாடியையும் காற்றுத் துளைகளையும் மூடி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். இது வேறு வழியே இல்லாதபோது.

படி 7: இனி நேரடி நன்றி

பணம் கொடுப்பதானால் எதற்குப் போகும் என்று படித்துவிட்டுக் கொடுங்கள். 2020-இல் நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் திரட்டிய 5 கோடி டாலருக்கும் மேலான பணம் ஆர்.எஃப்.எஸ். அறக்கட்டளைக்குப் போனது. வீடிழந்தவர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் அதைப் பகிர முடியாது என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஏனென்றால் அறக்கட்டளையின் பத்திரம் பிரிகேட்களின் பயிற்சி, கருவி போன்றவற்றுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தது. தன்னார்வலர்களுக்கு என்று நினைத்துக் கொடுத்தவர்களுக்கு அது சரியான இடம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்று நினைத்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

சாப்பாடு அனுப்ப ஆசை என்றால் முதலில் பிரிகேட்டைக் கேளுங்கள். கேட்காமல் வந்து குவியும் பொருட்களைப் பிரிப்பதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும். விக்டோரியாவில் சீக் வாலன்டியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பினர் 2019-20 கோடையில் தங்கள் சமையல் வண்டியோடு பெய்ர்ன்ஸ்டேல் என்ற ஊரில் தங்கி நாள்தோறும் சூடான சாப்பாடு கொடுத்தார்கள். அது எடுபட்டதற்கு ஒரு காரணம், முன்பே பழகிய குழுவும் சமையல் ஏற்பாடும் அவர்களிடம் இருந்ததுதான். நம் சங்கங்களும் இதைச் செய்யலாம், ஜனவரியில் யோசிக்காமல் ஜூலையிலேயே தொடங்கினால். நீங்கள் முதலாளி என்றால் தன்னார்வலரான ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். இதற்கு ஈடான பரிசு குறைவு.

சேர்வதும் ஒரு வழி. குழாய் பிடிக்கும் உடம்பு இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு ரேடியோ, சமையல், கணக்கு, மக்களைச் சந்தித்து விளக்குவது என்று வேறு பொறுப்புகள் இருக்கின்றன. வசந்தத்தில், பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில், 'கெட் ரெடி வீக்கெண்ட்' அன்று பிரிகேட்கள் கதவைத் திறந்து வைப்பார்கள். பிள்ளைகள் வண்டியில் ஏறிப் பார்க்கட்டும். நீங்கள் கேப்டனிடம், அந்த வட்டாரத் தமிழ்ப் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.