அமெரிக்கக் காசின் கலையை ஒன்பது காசுகளில் எடைபோடுவது எப்படி

அமெரிக்க நாணயங்களின் அழகு போய்விட்டது என்பது சேகரிப்பாளர்களின் பழைய புலம்பல். எங்கே போனது, எதனால் போனது என்று கேட்டால்தான் பதில் வராது. ஒன்பது காசுகளும், ஒரு மேசை விளக்கும், 5 மடங்கு பெருக்கும் கைலென்ஸும் இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சேர்க்க வேண்டியவை: பார்பர் குவார்ட்டர் (கால் டாலர், 1892–1916), எருமை நிக்கல் (5 சென்ட், 1913–1938), மெர்க்குரி டைம் (10 சென்ட், 1916–1945), நடக்கும் லிபர்ட்டி (சுதந்திரத்தின் பெண்ணுருவம்) அரை டாலர் (1916–1947), 1964 வரையிலான வாஷிங்டன் வெள்ளிக் குவார்ட்டர், 1990களின் குவார்ட்டர், 1999–2008 மாநிலக் குவார்ட்டர், 2006க்குப் பிந்தைய நிக்கல், 2022–2025 குவார்ட்டர். கடைசி நான்கும் சில்லறையில் புழங்கியவை. அமெரிக்காவிலிருந்து வரும் யாரிடமாவது சொல்லிவைத்தால் முகமதிப்புக்கே கிடைக்கும். பார்பர் காசு தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை. அரை டாலர் மட்டும் அதிகம் தேயாததாக இருக்கட்டும். அதன் சிறப்பே புடைப்பில், அதாவது உருவம் மேலெழும்பி நிற்பதில்தான் இருக்கிறது. தேய்ந்த காசை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது பிழையான தீர்ப்பு.

வாங்கும்போதே எடை போடுங்கள். வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம், 1965க்குப் பிறகு வந்தது 5.67 கிராம். வெள்ளி அரை டாலர் 12.5 கிராம், குறுக்களவு 30.6 மி.மீ. விளிம்பைத் திருப்பினால் புதியதில் செம்புக் கோடு தெரியும், வெள்ளியில் தெரியாது.

அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கை மேசை மட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை சாய்வில் வையுங்கள். காசை விளிம்பில் பிடித்துக் கறுப்புத் துணியின் மேல் மெல்லச் சுழற்றுங்கள். பிறகு விளக்கை 60 பாகைக்கு உயர்த்துங்கள். உண்மையான புடைப்பு உள்ள காசில் நிழலும் வளைவும் அப்போதும் நிற்கும். தட்டையான காசில் உருவம் கரைந்து வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். 1964 குவார்ட்டரையும் 1998 குவார்ட்டரையும் அடுத்தடுத்து வைத்து இப்படிப் பாருங்கள். ஒரே வாஷிங்டன்தான்; பின்னதில் கன்னமும் கூந்தலும் எவ்வளவு படிந்து கிடக்கின்றன என்பது தெரியும்.

இந்தச் சரிவுக்கு ரசனைக் குறைவை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. 1904இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், நம் நாணயங்கள் கோரமாக இருக்கின்றன என்று கருவூலச் செயலாளருக்கு எழுதி, சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸை அழைத்தார். 1907இல் வந்த 20 டாலர் பொற்காசின் உயர்ந்த புடைப்பை நிரப்ப ஒரே அடி போதவில்லை. காசு ஒவ்வொன்றையும் அச்சில் பலமுறை அடிக்க வேண்டியிருந்தது. புழக்கக் காசை ஒரே அடியில் அடித்தாக வேண்டும். அடுக்கினால் ஆடாமல் நிற்கவும் வேண்டும். தலைமைச் செதுக்காளர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தாழ்த்தினார். அவரை வில்லனாக்குவது வழக்கம், பாதிதான் உண்மை. 1921இல் உயர்ந்த புடைப்போடு வந்த அமைதி டாலரும் அச்சுகளைச் சீக்கிரமே உடைத்ததால், 1922இல் அதையும் தாழ்த்தினார்கள். பிறகு 1965இல் வெள்ளி போய், அதைவிடக் கடினமான செம்பு–நிக்கல் உறை வந்தது. அச்சு நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகப் புடைப்பு இன்னும் குறைந்தது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பலவீனமான அடியைத் தேய்மானம் என்று எண்ணிவிடுவது. நடக்கும் லிபர்ட்டியின் இடது கையும் தலையும், மெர்க்குரி டைமின் பின்பக்கத்துக் கோல்களின் கட்டைச் சுற்றும் பட்டைகளும் புதுக் காசிலேயே மழுங்கியிருக்கலாம். மழுங்கிய இடத்தில் அச்சின் பளபளப்பு அப்படியே இருந்தால் அடி போதவில்லை. பளபளப்பு செத்துச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்தது. எருமை நிக்கலில் தேய்வுக்கு வழிவிட்டதே வடிவமைப்புதான்: ஆண்டு எண் புடைப்பின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் முதலில் அதுதான் அழியும். மதிப்பைச் சொல்லும் எழுத்தை 1913லேயே பள்ளத்தில் இறக்கிக் காப்பாற்றினார்கள், ஆண்டைக் கடைசிவரை அப்படியே விட்டார்கள். அழிந்த ஆண்டை அமிலம் தடவி வரவழைக்கும் காசை வாங்காதீர்கள். எண் தெரியும், காசு பாழ்.

அடுத்தது எழுத்துகள். நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு, 'லிபர்ட்டி', இரண்டு முழக்கங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சட்டப்படி இடம் தர வேண்டும். சிற்பி அடால்ஃப் வைன்மன் நடக்கும் லிபர்ட்டி அரை டாலரில் 'லிபர்ட்டி'யை மேல்விளிம்பை ஒட்டி அகலப் பரப்பி, உருவத்தின் தலையை அதற்குள் நுழைய விட்டார். எழுத்தும் சிற்பத்தின் பகுதியாயிற்று. 1932இல் வந்த வாஷிங்டன் குவார்ட்டரில் எழுத்து மீந்த இடத்தில் ஒட்டியது போல இருக்கிறது. 1999இல் பின்பக்கத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கித் தருவதற்காகச் சில எழுத்துகள் தலைப்பக்கத்துக்கு வந்துசேர, அங்கே நெரிசல். மாநிலக் குவார்ட்டர்களில் ஜார்ஜியாவைப் பாருங்கள்: வரைபடம், பீச் பழம், ஓக் கிளைகள், முழக்கம் எழுதிய பட்டை, எல்லாம் 24 மி.மீ.க்குள். அதே ஆண்டின் கனெக்டிகட் ஒரே ஒரு மரத்தால் காசை நிறைத்தது. கை நீட்டிய தூரத்தில் வைத்து, என்னவென்று சட்டென்று சொல்ல முடிகிறதா பாருங்கள். முதலாவது தோற்கும், இரண்டாவது தேறும்.

மீட்சியின் அறிகுறிகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பையில் புழங்காத காசுகளில். 1986இல் வந்த வெள்ளிக் கழுகுக் காசு வைன்மனின் உருவத்தையே கடன் வாங்கியது. 2009இல் செயின்ட் காடன்ஸின் பொற்காசை 27 மி.மீ. அகலத்தில், 4 மி.மீ. தடிமனில் மீண்டும் அடித்தார்கள். தடிமன் கூடினால் புடைப்புக்கு இடம் கிடைக்கும். கடன் வாங்காத முயற்சி என்றால் 2017இன் 100 டாலர் பொற்காசைச் சொல்லலாம்: லிபர்ட்டி அதில் கறுப்பினப் பெண். புழக்கத்தில் 2006 நிக்கல் துணிச்சலானது. அதில் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் நேராக நம்மைப் பார்க்கிறார். நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்குதான் முதலில் தேயும் என்பதால் இருபது ஆண்டுப் புழக்கத்துக்குப் பின் அது எப்படியிருக்கிறது என்று லென்ஸில் பாருங்கள். 2022 குவார்ட்டரின் வாஷிங்டன், சிற்பி லாரா கார்டின் ஃப்ரேசர் 1932 காசுக்காகச் செய்தது. நுண்கலை ஆணையம் அதைப் பரிந்துரைத்தும் கருவூலச் செயலாளர் ஆண்ட்ரூ மெலன் ஜான் ஃப்ளானகனின் வடிவத்தையே எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால், ஆணையம் சொன்னதே சரி என்பேன்.

புதிய வடிவங்கள் படமாக வெளிவரும்போது திரையில் பெரிதாகப் பார்த்து மயங்க வேண்டாம். குவார்ட்டர் என்றால் 24 மி.மீ., டைம் என்றால் 18 மி.மீ. அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, 40 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். அதில் காணாமல் போகும் கோடு உலோகத்திலும் காணாமல் போகும்.

சேர்த்த காசுகளைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. பளபளப்பு போனால் மேலே சொன்ன விளக்குச் சோதனை எதுவும் பலிக்காது. பி.வி.சி. உறைகள் பச்சைப் பிசின் கட்டவைக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறையே போதும்.