கலிபோர்னிய நகரங்களில் வளர்ச்சிக் கட்டணத்தை நிர்ணயிப்பது எப்படி

கலிபோர்னியாவில் பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் போன்ற பொது வசதிகளுக்காகப் புதுக் கட்டடம் எழுப்புபவர்களிடம் நகரங்கள் வாங்கும் வளர்ச்சிக் கட்டணம் வரி அல்ல. வாக்கெடுப்பு இல்லாமலே நகர மன்றம் அதை விதிக்கலாம். ஆனால் ஒவ்வொரு டாலருக்கும் காரணம் காட்டியாக வேண்டும். எதற்காக வாங்குகிறோம், எதைக் கட்டப்போகிறோம், புதுக் கட்டடத்தால் அந்தத் தேவை எப்படி எழுகிறது, அதில் அதன் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் ஆவணம்தான் நெக்ஸஸ் ஆய்வு. கட்டணம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

முதலில் இன்றைய சேவை அளவை, அதாவது இருக்கும் மக்களுக்கு இப்போது எவ்வளவு வசதி இருக்கிறது என்பதை எண்ணுங்கள். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. ஒரு கற்பனை நகரம்: மக்கள்தொகை 40,000, பூங்கா 120 ஏக்கர், அதாவது 1,000 பேருக்கு 3 ஏக்கர். நிலமும் பணிகளும் சேர்த்து ஏக்கருக்கு 10 லட்சம் டாலர் ஆனால், ஒரு நபருக்கு 3,000 டாலர். வீட்டுக்குச் சராசரி 3 பேர் என்றால் 9,000 டாலர். சராசரி வீடு 2,000 சதுர அடி என்றால் சதுர அடிக்கு 4.50 டாலர். 2022 ஜூலை 1-க்குப் பின் ஏற்கும் ஆய்வுகளில் வீட்டுக் கட்டணத்தைப் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். வேறு முறை வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும்.

அதே நகரத்தில் 80 ஏக்கர்தான் இருக்கிறது, நகரத் திட்டத்தில் மட்டும் 1,000 பேருக்கு 3 ஏக்கர் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். பழைய குடியிருப்பாளர்களுக்கான 40 ஏக்கர் பற்றாக்குறையைப் புதியவர் தலையில் கட்ட முடியாது. அதற்கு வேறு நிதி வேண்டும். அந்த நிதி எங்கிருந்து வரும் என்று காட்டாமல் 3 ஏக்கர் அளவில் வாங்கினால், கட்டணத்தை எதிர்த்து வழக்குப் போட இதுவே போதும்.

பழையவர், புதியவர் இருவருக்கும் பொதுவான கட்டடத்தில் பங்கு பிரியுங்கள். 1 கோடி டாலர் தீயணைப்பு நிலையம், இருப்பவர் 40,000, வரப்போகிறவர் 10,000 என்றால் கட்டணத்தில் சேர்வது 20 லட்சம் மட்டுமே. மானியம் உறுதியானால் அதை முதலில் கழித்துவிட்டுப் பங்கு பிரியுங்கள். சாலைக்குத் தலைக்கணக்கு உதவாது. மாலை நெரிசல் நேர வாகனப் பயணங்களைக் கொண்டு கணக்கிடுங்கள். சம்பளம், பராமரிப்பு எதையும் கட்டணக் கணக்கில் நுழைக்காதீர்கள்.

எல் டொராடோ மாவட்டப் போக்குவரத்துக் கட்டண வழக்கில் 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மன்றம் சட்டமாக இயற்றிய கட்டணம் என்பதாலேயே விகிதப் பொருத்தச் சோதனையிலிருந்து (புதுக் கட்டடத்தின் தாக்கத்துக்கு ஏற்ற அளவில்தான் கட்டணம் இருக்கிறதா என்ற சோதனை) விலக்கு கிடைக்காது என்றது. எனவே ஒற்றைத் தொகையாக இல்லாமல், குடியிருப்பு, கடை, அலுவலகம், கிடங்கு எனப் பயன்பாட்டுக்குத் தக்கபடி பிரித்த அட்டவணையே பாதுகாப்பு. ஒரே மனையில் முதன்மை வீட்டோடு கட்டும், 750 சதுர அடிக்குக் குறைந்த துணைவீடுகளுக்கு இக்கட்டணம் கிடையாது. வருவாய் மதிப்பீட்டில் அவற்றைக் கழித்துவிடுங்கள்.

ஆய்வை ஏற்கும் பொதுக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தீர்மானம் நிறைவேறி 60 நாள் கழித்தே கட்டணம் அமலாகும். குறைந்தது 8 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் கட்டுமானச் செலவுக் குறியீட்டின்படி ஆண்டுதோறும் உயரும் விதியைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் செலவு ஏற ஏறக் கட்டணம் பின்தங்கும்.

வசூலான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதன் வட்டியும்கூட. நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் வரவுசெலவை வெளியிட வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை, செலவாகாத தொகை எதற்கு என்று மன்றம் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அந்தத் தொகையை மனையின் இன்றைய உரிமையாளருக்குத் திருப்பித் தர நேரிடும். முதல் தொகை கணக்கில் ஏறும்போதே அந்தக் கெடுவை நிதித்துறை குறித்துவைக்கட்டும்.