3 டிகிரியில் அடங்கிய ராக்கெட்

செந்தூல் வீட்டில் எல்லாரும் அடங்கிய பிறகுதான் எனக்குக் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற, ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டை விளையாட நேரம் கிடைக்கும். ஒரு வாரமாக ஒரே கதை. ராக்கெட் ஜோராகக் கிளம்பும். 10 கிலோமீட்டர் தாண்டியதும் சொன்ன பேச்சு கேட்காது, மூக்கு போன போக்கில் போய்க் கவிழும். நான்கு வால் துடுப்புகளை எட்டாக்கியும் பலனில்லை.

பின்னால் நின்று மைலோ குடித்துக்கொண்டிருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, இந்த இன்ஜின் வாய் திரும்பவே மாட்டேங்குதே?"

அட, ஆமாம். நான் போட்டிருந்தது ரிலையன்ட் என்ற இன்ஜின். வெற்றிடத்தில் 240 கிலோநியூட்டன் உந்துவிசை என்றதும் மயங்கிவிட்டேன். அதன் நாஸில், அதாவது தம்பி சொன்ன வாய், அசையாது. துடுப்போ, காற்று மெலிந்தால் பிடிமானம் இழந்துவிடும்.

கழற்றிவிட்டு ஸ்விவல் என்ற இன்ஜினை மாட்டினேன். 215தான், எடையும் கால் டன் கூட. ஆனால் நாஸில் 3 டிகிரி வரை திரும்பும். அது போதும், காற்றே இல்லாவிட்டாலும் தலை நான் சொன்ன பக்கம் வரும்.

அப்புறம் வேறொரு வம்பு. ராக்கெட்டைத் தானாக நேராகப் பிடித்துவைக்கும் எஸ்ஏஎஸ் போட்டால் அது நாய்வால் மாதிரி ஆடியது. கிம்பல் எல்லையை, அதாவது நாஸில் திரும்பும் அளவை, 100 சதவீதத்திலிருந்து 40க்கு இறக்கினேன், ஆட்டம் நின்றது. நடுவில் ஒற்றை இன்ஜின் என்பதால் தன்னைத்தானே உருளுவதை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அதற்காக அசையும் துடுப்பு நான்கை விட்டுவைத்தேன்.

80 கிலோமீட்டரில் சுற்றுப்பாதை கிடைத்தபோது மணி ஒன்றரை. தம்பி சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தான்.