கையால் அச்சிட்ட படப் புத்தகமா? தடவிப் பார்த்து வாங்குங்கள்

சென்னை திருவான்மியூரில் கையால் அச்சிட்ட படப் புத்தகங்களை வெளியிடும் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கடைப்பக்கம் போனால், ஓவியப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் (வலைத்துணி வழியாக மையைக் கையால் தள்ளி அச்சிடுவது) என்றால் மை மெல்லிய படலமாகத் தட்டுப்படும். சந்தேகமா? பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆஃப்செட் அச்சில், அதாவது வழக்கமான இயந்திர அச்சில், வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஏற்றுவதால் வண்ணம் நிறைந்து, அழுத்தமாக இருக்கும். நிறம் கோட்டிலிருந்து மயிரிழை விலகியிருந்தால் மாற்றித் தரச் சொல்லாதீர்கள், கைவேலை என்றால் அப்படித்தான்.

அப்புறம், வீட்டில் இறுக்கமான பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம். கடலோர ஊர்களில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் காற்றோட்டமாக நிற்க வைத்தாலே போதும்.