பெயர் கேட்காத ஃபார்மும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்

மருத்துவமனை வார்டில் தான் கற்பிப்பது எப்படி இருக்கிறது என்று மாணவர்களிடம் கேட்க, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் கூகுள் ஃபார்ம் தயாரித்துக் காட்டினார். பார்த்ததும் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே ஃபார்ம்! திறக்காத லிங்க், எழுத்துப்பிழை எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன். எளிதில் கண்ணில் படாத தவறுகள் இவை.

பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று நம்புவது

வகுப்பறையில் 100 பேர் இருக்கலாம். வார்டு போஸ்டிங்கில், அதாவது சிறு குழுவாக வார்டில் பயிற்சி பெறும்போது, ஐந்தாறு பேர்தான். என் ஃபார்மில் பெயர் இல்லை. ஆனால் எந்த பேட்ச், எந்த வாரம், ஆணா பெண்ணா என்று மூன்று கேள்விகள். அந்த பேட்சில் இருந்ததே ஒரு பெண். போதாக்குறைக்கு, பதில்கள் சேரும் ஷீட்டின் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு பதிலும் வந்த நேரம். வாட்ஸ்அப் குழுவில் "முடிச்சிட்டேன் சார்" வந்த நேரத்தோடு ஒப்பிட்டால் மற்றவர்களும் தெரிந்துவிடுவார்கள்.

"நோயாளி முன்னால் திட்டுகிறார்" என்று ஒரு பதில். யாரென்று பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண் தானாகப் போய்விட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பேட்சிலிருந்து எல்லாரும் ஐந்துக்கு ஐந்து, கருத்துப் பெட்டியில் "நன்று". ஒரு வருடம் இப்படியே ஓடியது. அதை வைத்து எதைத் திருத்துவது? இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இப்போது ஆளைச் சுட்டும் கேள்வியே கிடையாது. மூன்று நான்கு பேட்ச் சேர்ந்து, மதிப்பெண்ணும் போட்டு முடித்த பிறகுதான் பதில்களைத் திறப்பது. திறப்பதும் நானில்லை, துறைக்கு வெளியே ஒருவர் நேரத்தை நீக்கி, கருத்துகளைச் சுருக்கித் தருகிறார். 'ஒருவருக்கு ஒரு பதில்' அமைப்பையும் அணைத்துவிட்டேன். அதற்கு லாகின் வேண்டும்; மின்னஞ்சல் எனக்கு வராவிட்டாலும், தன் ஐடி மேலே தெரிந்தால் மாணவர் மூடிவிட்டுப் போய்விடுவார். யாராவது இரண்டு முறை போட்டால் போடட்டும்.

இருபது கேள்விகள்

ஐந்து போதும்.

"ஆசிரியர் எப்படி?" என்று கேட்பது

பிடித்தவருக்கு எல்லாவற்றிலும் ஐந்து விழும். செய்ததைக் கேளுங்கள்: பரிசோதித்துக் காட்டினேனா? நீங்கள் செய்தபோது நின்று பார்த்தேனா? எங்கே தவறியது என்று சொன்னேனா?

கடைசி நாளில் மட்டும் கேட்பது

அந்த பேட்சுக்கு அதனால் என்ன பயன்? பாதியில் ஒரே ஒரு கேள்வி: எதை நிறுத்த வேண்டும்? குழுவே பேசி ஒரே பதிலாக அனுப்பட்டும்.

நோயாளியின் பெயர், படுக்கை எண்

எழுத வேண்டாம் என்று ஃபார்மின் தலையிலேயே போடுங்கள்.

அந்தப் புது ஆசிரியர் பேட்ச் கேள்வியை எடுத்துவிட்டார். ஆணா பெண்ணா கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. "பின்னாடி ஆய்வுக்குத் தேவைப்படலாம் சார்" என்கிறார்.