கல்யாணம், காதல், உடம்பு: முதலில் அவர்களிடமே கேளுங்கள்

அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள 25 வயது மகனோ மகளோ வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: "எனக்கு எப்போ கல்யாணம்?" பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, சத்தமாக. யாராவது சிரிப்பார்கள், அம்மா "பேசாம சாப்பிடு" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இவர்களுக்கான பகல்நேர மையங்களில் பெற்றோர் கூட்டம் என்றால் பஸ் பாஸ், உதவித்தொகை, யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் பேசுவோம். இதை மட்டும் பேசமாட்டோம், பேசினாலும் "எப்படி அடக்குறது" என்றுதான் போகும். அடக்குவது, பாதுகாப்பது, சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த ஆள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வது.

"உடம்புக்கு இருபது வயசு, மனசுக்கு அஞ்சு வயசு" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் உட்படப் பெரும்பாலானவர்கள் மற்றப் பிள்ளைகள் வயதுக்கு வரும் காலத்திலேயேதான் வயதுக்கு வருகிறார்கள். அக்கா கல்யாணம், அண்ணன் குழந்தை, பக்கத்து வீட்டுக் காதல் விவகாரம், ராத்திரி சீரியல் எல்லாவற்றையும் 20 வருடம் பார்த்த மனசு அஞ்சு வயதுப் பிள்ளையின் மனசு கிடையாது.

வெளிநாடுகளில் ஆய்வாளர்கள் இவர்களோடு நேராக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த பதில்கள் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்: துணை வேண்டும், தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது, யாரோடு பழகலாம் என்பதை வீட்டாரோ விடுதிப் பணியாளரோதான் முடிவு செய்கிறார்கள், தனியாக இருக்க இடமே இல்லை. இன்னொரு பக்கம், "அது அசிங்கம்", "அது தப்பு" என்று கண்டிப்பாகச் சொல்பவர்களும் நிறையப் பேர். அதைக் கேட்டு "பரவாயில்லை, நம்ம பிள்ளைக்கு அந்த எண்ணமே இல்லை" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வாழ்நாள் முழுக்க இந்த விஷயத்தில் திட்டு மட்டுமே வாங்கியவர் வேறு என்ன சொல்வார்? அது அவருடைய கருத்தாகவும் இருக்கலாம், நாம் திட்டியதன் எதிரொலியாகவும் இருக்கலாம். உண்மையிலேயே ஆர்வம் இல்லாதவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், கடலூர்க்காரர்களுக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. கூட்டம் கொஞ்சம் குறைவான பக்கமாகப் போங்கள். கேள்வியை அவர் மேல் வைக்காமல் மூன்றாம் ஆள் மேல் வையுங்கள்: "நேத்து சீரியல்ல அந்தப் பொண்ணு ஏன் அழுதா? அவனை அவளுக்குப் பிடிச்சிருக்கா? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" இப்படிப் போய் மெதுவாக "உனக்கு அப்படி யாரையாவது பிடிச்சிருக்கா?" என்று வாருங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நமக்கு ஆகும் நேரத்தைவிட அவருக்கு அதிகம் ஆகும், அந்த இடைவெளியில் நாமே பதிலைச் சொல்லிவிடுவதுதான் எல்லோரும் செய்வது.

"ஆமாம், இல்லை" கேள்விகளில் ஒரு பொறி இருக்கிறது. பெரியவர் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லிப் பழகியவர்கள் இவர்கள். "உனக்குக் கல்யாணம் வேணுமா?" என்றால் ஆமாம். கொஞ்ச நேரம் கழித்து "அம்மாகூடவே இருக்கலாமா, கல்யாணம் வேணாமா?" என்றாலும் ஆமாம். அதனால் அதே விஷயத்தை வேறு நாளில் புரட்டிக் கேட்டுப் பாருங்கள். "இதுவா அதுவா" என்று கேட்டால் கடைசியில் சொன்னதையே பிடித்துக்கொள்பவர்களும் உண்டு, வரிசையை மாற்றுங்கள். பேச்சு குறைவாக உள்ளவருக்கு ஃபோட்டோக்கள் போதும்: ஜோடியாக இருப்பவர்கள், தனியாக இருப்பவர், குழந்தையோடு இருப்பவர்கள், நண்பர்கள் கூட்டம். எதை எடுக்கிறார், எதைத் தள்ளுகிறார் என்று பாருங்கள். பையன் என்றால் பெண்ணைத்தான் பிடிக்கும் என்று நீங்களே முடிவு செய்து படத்தைப் பொறுக்காதீர்கள்.

இன்னொன்று, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை நான் வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா யாராவது உன்னைக் கஷ்டப்படுத்தினா மட்டும் சொல்லுவேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருதடவை நீங்கள் வெளியே சொல்லி மாட்டிக்கொண்டால் அப்புறம் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

கல்யாணம் வேண்டும் என்று சொல்பவரிடம் கல்யாணம் என்றால் என்ன என்று கேளுங்கள். ஒருவருக்கு அது பட்டு வேட்டியும் ஃபோட்டோவும். இன்னொருவருக்குத் தனி வீடு, அம்மா திட்டாத வீடு. வேறொருவருக்கு ராத்திரி பக்கத்தில் படுக்க ஒரு ஆள். பட்டு வேட்டியை நாளைக்கே வாங்கித் தரலாம். நண்பர்கள் வேண்டும் என்பவருக்கு மையம் விட்டதும் வீட்டில் அடைக்காமல் வாரம் ஒருமுறை யாரோடாவது வெளியே போக ஏற்பாடு செய்யலாம். உண்மையிலேயே துணை வேண்டும் என்பவரிடம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று வருடக்கணக்கில் இழுப்பது பொய். என்ன முடியும், எது கஷ்டம், ஏன் கஷ்டம் என்று எளிமையாகச் சொல்லுங்கள், அழுதால் அழட்டும். அதே நேரம், "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று விஷயத்தை மறைத்து யார் தலையிலாவது கட்டிவைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் துரோகம்.

அடுத்து அன்றாட விஷயம். சுய இன்பம் நோயில்லை, ஊனத்தால் வருவதுமில்லை. அடித்தால் நிற்காது, இடம் மாறும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது ஒரே வரி, வீட்டிலும் மையத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்: "இங்க இல்ல. தனியா, கதவு சாத்தி, அப்புறம் கழுவணும்." ஒரே ஹால் உள்ள வீட்டில் ஏது தனி அறை என்பீர்கள். நியாயம்தான். குளியலறை, அல்லது திரை போட்ட ஒரு மூலை, மற்றவர்கள் வெளியே இருக்கும் அரை மணி நேரம், ஏதோ ஒன்றைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போகாதீர்கள். குளிக்கவைப்பவர், நாப்கின் மாற்றிவிடுபவர்கூட "இப்ப தொடப்போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. தன் உடம்பைத் தொட அனுமதி கேட்பார்கள் என்பதே தெரியாதவர், தப்பாகத் தொடுபவனை எப்படிக் கண்டுபிடிப்பார்?

யாரோடு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு வட்டம் போடும் முறை ஒன்று உண்டு, அமெரிக்காவில் 1980களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. நம் ஊரில் அதற்குத் தாளே வேண்டாம், கோலமாவு போதும். வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து வட்டம் போடுங்கள். நடுவில் அவரே நிற்கட்டும். அடுத்த வட்டத்தில் வீட்டாரின் ஃபோட்டோ, அதற்கு வெளியே நண்பர்கள், அப்புறம் மிஸ், கண்டக்டர், கடைக்காரர், கடைசியில் தெரியாதவர்கள். கட்டிப்பிடிப்பது எந்த வட்டம் வரை, கை குலுக்குவது எது வரை, வணக்கம் மட்டும் யாருக்கு என்று அவரையே நடந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு முக்கியமான பாடம், உள்வட்டத்தில் இருப்பவரே ஆனாலும் "வேண்டாம்" சொல்லலாம். ஏனென்றால் தொந்தரவு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார். ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு முத்தம் கொடு என்று கட்டாயப்படுத்திக்கொண்டே இந்தப் பாடம் நடத்த முடியாது.

உறுப்புகளின் பெயரை ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு என்று எல்லோருக்கும் புரியும்படி சொல்லிக்கொடுங்கள், டாக்டரிடமும் போலீசிடமும் அதுதான் உதவும்.

சட்டம் கொஞ்சம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 10: இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் இவர்களுக்குக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், அவருடைய சுதந்திரமான, புரிந்துகொண்ட சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது. "மாசாமாசம் கஷ்டம், கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யோசனை சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டக் குழு உங்களைக் காப்பாளராக நியமித்துத் தந்த ஆணை கையில் இருப்பதால் அவருடைய சம்மதம் தேவையில்லை என்று ஆகிவிடாது. 2009இல் சண்டிகர் வழக்கில், அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதமின்றிக் கலைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

18 வயதுக்குள் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 18 தாண்டிய இருவர் விருப்பத்தோடு பழகுவது வேறு விஷயம். ஆனால் என்ன நடக்கிறது என்று புரிகிறதா, வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, அதிகாரம் உள்ளவர் யாராவது ஆசைகாட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். மையத்தில் வேலை செய்பவருக்கும் அங்கே வருபவருக்கும் இடையில் அப்படிப்பட்ட உறவு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டதாகச் சொன்னால் நம்புங்கள். ஆளாளுக்கு மறுபடி மறுபடி சொல்லச்சொல்லாதீர்கள், துணியைத் துவைத்துவிடாதீர்கள். உதவிக்கு அழைக்க 112, பெண்கள் என்றால் 181, பிள்ளைகள் என்றால் 1098. பாலியல் வன்முறைப் புகாரை இவர்கள் வீட்டிலேயே, அல்லது இவர்களுக்கு வசதியான இடத்தில், சிறப்பாசிரியரையோ மொழிபெயர்ப்பாளரையோ பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சொல்கிறது. "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றால் இதைச் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் மருத்துவமனையானாலும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும்.

கருத்தடை ஊசி போட்டுவிட்டால் பயமில்லை என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. ஊசி கர்ப்பத்தைத்தான் தடுக்கும், தொடுபவனைத் தடுக்காது. வயிறு தெரியாததால் நடப்பது வெளியே வராமலே போகும் ஆபத்தும் இருக்கிறது. அவருக்கே வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி இலவசம். ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, போவதற்கு முந்தின நாள் என்ன நடக்கும் என்று வீட்டில் ஒருதடவை நடித்துக் காட்டிவிடுங்கள். உள்ளே போனதும் டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார். "அவங்ககிட்டயே சொல்லுங்க டாக்டர், புரியலன்னா நான் உதவுறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.