இலக்குச் சுடுதலுக்கு ரிவால்வர்: போட்டி முதலில், தோட்டா அடுத்து, துப்பாக்கி கடைசியில்

ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு துப்பாக்கியில் மனதைப் பறிகொடுத்துவிட்டு, பிறகுதான் அதை வைத்து எந்தப் போட்டியில் சுடலாம் என்று தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். போட்டி முடிவானால் காலிபர் (குண்டின் விட்டம்) பாதி முடிவாகிவிடும். காலிபர் முடிவானால் ஃபிரேமின் (துப்பாக்கியின் உடல்) அளவும் பேரலின் (குழல்) நீளமும் பின்னாலேயே வந்துவிடும். உங்கள் உரிமத்தில் எந்தக் காலிபருக்கு அனுமதி உண்டு என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிப்புத்தகம் என்ன கேட்கிறது

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (தோட்டாவின் அடியில் நடுவே அடித்து வெடிக்கவைக்கும் வகை) போட்டியில் ரிவால்வருக்கு நல்ல இடம் உண்டு. காலிபர் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம். டிரிகர் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. துப்பாக்கியின் எடை 1400 கிராமுக்குள், பேரல் 153 மி.மீ.க்குள், முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 220 மி.மீ.க்குள். 6 அங்குல பேரல் 152.4 மி.மீ. என்பதால் நூலிழையில் தேறிவிடும். ஆறரை அங்குலம் தேறாது. மேக்னம் தோட்டா கூடாது, ஈயம் போன்ற மென்மையான குண்டு மட்டுமே. .45 காலிபர் விட்டத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இந்தப் போட்டி ரிவால்வருக்கு ஒத்துவருவதற்குக் காரணம் அதன் நேரக்கணக்கு. வேகச் சுற்றில் இலக்கு 7 நொடி மறைந்திருக்கும், 3 நொடி முகம் காட்டும், அதற்குள் ஒரே ஒரு தோட்டா. மறைந்திருக்கும் அந்த 7 நொடியில் ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) கட்டைவிரலால் நிதானமாக இழுத்து, பிடியையும் சரிசெய்துகொள்ளலாம். 60 தோட்டாவையும் இப்படி ஹேமரைக் கையால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனிலேயே சுட்டு முடிக்க முடியும். ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற இன்னொரு 25 மீட்டர் போட்டியில் அப்படி இல்லை. 10 நொடியில் 5 தோட்டா என்றால் ஒவ்வொரு முறையும் ஹேமரை இழுக்கும்போது பிடி குலையும். அங்கே .22 அரைத்தானியங்கிதான் சரி.

ஓடிச் சுடும் போட்டிகளில் கணக்கே வேறு. அங்கே 'பவர் ஃபேக்டர்' பார்ப்பார்கள்: குண்டின் எடையை கிரெய்ன் என்ற அலகில் எடுத்து, வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்து, பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்புகளில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. கேட்கும் குறைந்தபட்சம் பலம் குறைந்த மைனர் வகைக்கு 125, பலம் கூடிய மேஜர் வகைக்கு 165. ரிவால்வர்களுக்கென்றே உள்ள ஐகோரில் 120. ஐ.டி.பி.ஏ. ஸ்டாக் ரிவால்வருக்கு 105. புதியவர்கள் இடறும் இடம் இதுதான். காகித இலக்கில் அற்புதமாகச் சுடும் .38 ஸ்பெஷல் வாட்கட்டரை (தட்டை மூக்குக் குண்டு) அப்படியே எடுத்துக்கொண்டு போவார்கள். 148 கிரெய்ன், 700 அடி வேகம், ஆக 103.6. மூன்றில் எதிலும் தேறாது. 158 கிரெய்ன் குண்டு 800 அடி வேகத்தில் போனால் 126.4. கணக்குக்கு இது போதும். ஆனால் மைனர் கோட்டுக்கு மேலே ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. குளிரில் வேகம் சற்று இறங்கினால் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் மாட்டிக்கொள்வீர்கள். 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

காலிபர்

.38 ஸ்பெஷல்தான் முதல் தேர்வு. தயங்க வேண்டாம். உதைப்பு மிதம், தோட்டா வகைகள் ஏராளம், போட்டிக்காகச் செய்த ரிவால்வர்களும் இதில்தான் அதிகம். வாட்கட்டரின் மூக்கு தட்டை. அதனால் அது காகிதத்தை ஆணி குத்தியதுபோல் கிழிக்காமல், பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டுகிறது. துளையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டால் கூடிய புள்ளி என்பதால், இந்தச் சுத்தமான விளிம்பு சில சமயம் ஒரு புள்ளியையே கொண்டுவரும். அடிப்பகுதி குழிந்த வாட்கட்டரை வேகமாக ஓட்ட முயலாதீர்கள். குழியைச் சுற்றியுள்ள மெல்லிய பாவாடை போன்ற ஓரம் அறுந்து பேரலிலேயே தங்கக்கூடும். அடுத்த குண்டு அதில் போய் மோதும்.

.357 மேக்னம் ரிவால்வர் வாங்கி அதில் .38 சுடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் .38-இன் கூடு சுமார் 3.4 மி.மீ. குட்டை. நூற்றுக்கணக்கில் சுட்டபின், சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் அந்த இடத்தில் ஒரு கரி வளையம் படியும். பிறகு மேக்னம் தோட்டாவைப் போட்டால் முழுதாக இறங்காது. செம்புப் பிரஷ்ஷால் அறைகளைத் தேய்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

.32 லாங், ஐ.எஸ்.எஸ்.எஃப். சுடுநர்களின் செல்லம். 98 கிரெய்ன் குண்டு 740 அடி வேகத்தில் 72.5 பவர் ஃபேக்டர்தான், அதனால் உதைப்பு வெகு குறைவு. தோட்டா எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதே குறை. தொடர்ந்து கிடைக்க வழியிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

.22 பயிற்சிக்கு. டிரிகரை அழுத்தினாலே ஹேமரும் இழுபட்டு விழும் இதன் டபுள் ஆக்‌ஷன் கனமாகவே இருக்கும், ஏனென்றால் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்க ஹேமர் பலமாக விழ வேண்டும். சிலிண்டர் இடையில் இறுகினால் முதலில் அறைகளில் அழுக்கைப் பாருங்கள். தோட்டாவின் விளிம்பு சற்று வெளியே நின்றாலே ஃபிரேமில் உரசும்.

வேகப் போட்டிக்கு .45 ஏ.சி.பி., தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூன் கிளிப் தகட்டோடு. தோட்டா குட்டை, பருமன், ஆறும் ஒரே தகட்டில். சிலிண்டருக்குள் தானாக விழும். 230 கிரெய்ன், 740 அடி, ஆக 170. அதாவது மேஜர். யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் எட்டுத் தோட்டா ரிவால்வருக்குக் குறைவான மைனர் புள்ளிதான் என்றாலும், மறுபடி தோட்டா நிரப்பும் நேரம் மிச்சமாவதால் பலர் அதையே எடுக்கிறார்கள். மூன் கிளிப் வளைந்திருந்தால் சிலிண்டர் சுழலாது. போட்டிக்கு முன் ஒவ்வொரு கிளிப்பையும் போட்டுச் சுழற்றிப் பாருங்கள்.

கைக்குப் பொருந்துகிறதா

பேரல் முன்கையின் நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, சுட்டுவிரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சிங்கிள் ஆக்‌ஷனுக்கு விரல் நுனிச் சதை டிரிகரில் படிய வேண்டும். டபுள் ஆக்‌ஷனுக்கு முதல் மூட்டு எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் மெல்லிய கிரிப் போட்டுப் பாருங்கள், அப்போதும் எட்டாவிட்டால் ஃபிரேம் பெரிது. துல்லியச் சுடுதலுக்கு 6 அங்குலம் நல்லது; இலக்கு மாற்றி மாற்றிச் சுட 4 அல்லது 5.

டிரிகரை இலேசாக்கும் ஆசையில், ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு, "தோட்டா சரியில்லை" என்பவர்கள் உண்டு. ஹேமரின் அடி பலமிழந்தால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்காது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போல் தட்டை ஸ்பிரிங் உள்ள துப்பாக்கிகளில், கைப்பிடியின் முன்பக்கம் அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ தானாகக் கழன்றாலும் இதே கோளாறுதான். இலேசான ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால் மென்மையான பிரைமரும் வேண்டும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்கள் அதற்குப் பெயர்பெற்றவை.

பழைய ரிவால்வரைச் சோதிப்பது

சிலிண்டரைத் திறந்து, அறைகளை எண்ணி, காலி என்று இருமுறை உறுதிசெய்த பிறகே எதையும் தொடுங்கள்.

சிலிண்டரை மூடி, பக்கவாட்டில் ஒரு விரலை வைத்து லேசாகத் தடை கொடுத்தபடி, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நிலைகொள்வதற்கு முன்பே சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொண்டு குறையை மறைத்துவிடும். பூட்டாத அறையில் குண்டு பேரலுக்கு நேராக நிற்காது. ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும், அருகில் நிற்பவரின் முகத்தில்கூடத் தெறிக்கும்.

அடுத்து, ஹேமரை நிறுத்திவைத்து, பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது. ஹேமரும் டிரிகரும் பிடித்துக்கொள்ளும் இடம் தேய்ந்திருக்கும், அல்லது அங்கே யாரோ அரம் போட்டிருப்பார்கள்.

மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 0.10 முதல் 0.20 மி.மீ. சரி. அதற்குக் கீழே என்றால் சூடேறிக் கரி படிந்ததும் இறுகும். மேலே என்றால் வாயு வீணாகும். சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.08 மி.மீ.யைத் தாண்டினால் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட வேண்டியிருக்கும்.

ஈயக் குண்டு ஒன்றை அறையின் முன்வாயில் வைத்து விரலால் தள்ளுங்கள். லேசான அழுத்தத்தில் போக வேண்டும். தானாக விழுந்தால் வாய் அகலம், குண்டு ஆடிக்கொண்டே பேரலுக்குள் நுழையும். போகவே இல்லை என்றால் குறுகல், சுடும்போது குண்டு அங்கேயே சுருங்கிவிடும்.

கடைசிச் சோதனை ரேஞ்சில். அறைகளுக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, 25 மீட்டரில் ஒவ்வொரு அறைக்கும் தனி இலக்கில் ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்து அறை ஓரிடத்திலும் ஒன்று மட்டும் ஒதுங்கியும் போட்டால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். தொடருக்கு ஐந்து தோட்டாதான், அந்த அறையைக் காலியாக விட்டுவிடலாம். இரண்டு அறை ஒதுங்கினால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.